மூடும்போது சேமி

ஷட்டர் பாதி ஏறும்போதே மருமகளுக்கு வீட்டுக்கே திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

இருக்காதா பின்னே? போன வாரக் கதையில் நாம் கடையை விட்டுக் கிளம்பிய நிலைமை அப்படி. அவள் தன் கைப்பட எழுதிய புரோகிராம், பம்புக்குப் போடும் மெக்கானிக்கல் சீல் நாற்பது இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறது. ரேக்கில் இருப்பதையும் குடோனில் இருப்பதையும் எடுத்து வைத்தால் இருபதுதான் வருகிறது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, காலைல எல்லாத்தையும் எண்ணிப் பார்த்துடுவோம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவும் இல்லை.

இன்றைக்குத்தான் அந்தக் காலை.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறீர்கள் என்றால் பயப்படாதீர்கள், கதையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை. பம்பு, மோட்டார் உதிரிபாகம் விற்கிற கடை. மாமனார்தான் முதலாளி. மூத்த மகன் ஊர் ஊராகச் சுற்றி ஆர்டர் பிடிக்கிறவன். வாரத்தில் பாதி நாள் போனில் அவன் குரல்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அவன் மனைவிதான் நம் மருமகள். இளைய மகனுக்கு வீட்டில் சின்னவன் என்று பெயர். படிக்கிற காலத்தில் கடையிலிருந்த ஒரு மோட்டாரை யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டுபோய் ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, கேட்டபோது எடுக்கவே இல்லை என்று சாதித்தான். அதற்காக அப்பா அவனோடு பேசாமல் இருந்த காலத்தை அம்மா அழுதே கழித்தார். பிறகு வேறெங்கோ வேலை பார்த்தவன், போன வாரம்தான் திரும்பி வந்து பின்பக்கத்துக் குடோன் சாவியைக் கையில் வாங்கினான். வாங்கிக் கொடுத்தவளே மருமகள்தான். "மாமா, அவன் இப்ப பழைய ஆள் இல்ல. என்னை நம்பிக் குடுங்க" என்று சிபாரிசு செய்தாள்.

புரோகிராமுக்கும் ஒரு முன்கதை உண்டு. எதிர்ச்சாரி மாடியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு மத்தியான வேளையில் போய், கூட்டல் கழித்தலில் ஆரம்பித்து, தட்டுத் தடுமாறி எழுதியது. முதல் தடவை ஓட்டியபோது பேரிங் மைனஸ் ஏழு இருப்பதாகக் காட்டியது. "மைனஸ் ஏழுன்னா என்னம்மா அர்த்தம், நாம யாருக்காவது ஏழு குடுக்கணுமா?" என்று மாமியார் நிஜமான கவலையோடு கேட்டார். வீடே சிரித்தது. மருமகள் சிரிக்கவில்லை, ராவெல்லாம் யோசித்து, இருப்பதற்கு மேல் விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டுச் சரிசெய்தாள்.

கடைசியில் திரையில் நின்றது மூன்றே பொத்தான்கள். 'வந்தது', 'போனது', 'பார்'. சாமான் வந்தால் கூட்டும், போனால் கழிக்கும், பார்த்தால் காட்டும். அந்தப் புரோகிராமில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு: மூடும்போது சேமி. விளக்கை அணைக்க மறந்து, குழாயை மூட மறந்து, குடையை எங்கெங்கோ விட்டுவிட்டு வருகிற குடும்பம் இது. இவர்களாவது ஞாபகமாகச் சேமிக்கிற பொத்தானை அமுக்குவதாவது! அதனால்தான் புரோகிராமை மூடினாலே போதும், கணக்கு தானாகப் பதிந்துவிடும்படி எழுதி வைத்தாள். எழுதிய அன்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

ஆரம்பத்தில் மாமனார் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. கவுண்டரில் மருமகள் மட்டும்தான் அதைத் தட்டிக்கொண்டிருந்தாள். போன வாரம் என்ன தோன்றியதோ, "என் மேஜைல ஒண்ணு வச்சுக் குடு, நானும் பார்க்கிறேன்" என்றார். அவர் உட்காரும் கண்ணாடி அறையில் இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது, ஒரு ஒயர் இழுத்து கவுண்டரோடு சேர்த்தாள், இரண்டுக்கும் பொதுவாக ஒரே கணக்கு. மாமனார் பில் போடுகிறவர் இல்லை. காலையில் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க 'பார்' பொத்தானை அமுக்குவதோடு சரி. வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "என் மருமக பண்ணது. வெளிய வாங்கினது இல்ல" என்று காட்டுவார். நடுவில் மூடினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து, ஷட்டர் இறக்கும்போதுதான் மூடுவார். கடையை முதலில் திறப்பவரும் கடைசியில் மூடுபவரும் முதலாளிதான் என்பது அந்தக் கடையின் பழக்கம். மருமகள் அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவாள்.

சரி, காலைக்கு வருவோம்.

மாமனார் வழக்கம்போலத் தன் மேஜையில் புரோகிராமைத் திறந்துவிட்டு ஏணியை எடுக்கப் போனார். அதற்குள் ஒரு பிளம்பர் வந்து சீல் மூன்று வாங்கினார். மருமகள் 'போனது' அமுக்கினாள். நாற்பது முப்பத்தேழானது. பதினேழுதான் மிச்சம் என்று தெரிந்த சாமானுக்கு முப்பத்தேழு என்று பார்க்கும்போது அவளுக்குக் கை கூசியது.

பிறகு எண்ணிக்கை ஆரம்பமானது. மாமனார் ஏணியில் நின்று எண்ணிச் சொல்ல, இவள் திரையைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

"சின்ன பேரிங் பதினெட்டு."

"முப்பத்தொண்ணு, மாமா."

"கெப்பாசிட்டர் ஒன்பது."

"இருபத்தாறு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ரேக்குக்கு ஏணியை நகர்த்தினார். ரப்பர் வாஷர் குறைந்தது. ஃபுட் வால்வு குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் மருமகளின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி எண்களை அவள் படித்தாளா, முனகினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"செம்புக் கம்பிச் சுருள் பன்னிரண்டு."

"பன்னிரண்டு" என்றாள். சரியாக இருந்தது.

அப்போதுதான் அவள் மனதில் சுருக்கென்று ஒன்று தைத்தது. திருடுகிறவன் செம்புக் கம்பியை அல்லவா எடுப்பான்? கடையிலேயே விலை கூடிய சரக்கு அதுதானே? அதை அப்படியே விட்டுவிட்டு ரப்பர் வாஷரை எவன் எடுப்பான்? குறைந்ததெல்லாம் தினமும் விற்கிற சாமான், குறையாததெல்லாம் எப்போதாவது விற்கிற சாமான். இந்த வாரம் புது லோடும் வரவில்லை. ஏதோ இடிக்கிறதே என்று தோன்றியது. ஆனால் அந்த நினைப்பைப் பிடித்து உட்காரவைத்து விசாரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. விசாரித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உள்ளுக்குள் தெரிந்ததுதான் காரணம்.

பின்பக்கத்திலிருந்து சின்னவன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னப்பா, காலங்காத்தால ஏணி ஏறிட்டீங்க? விழுந்து வச்சீங்கன்னா அம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

மாமனார் இறங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"குடோன் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"எப்பலேர்ந்து?"

சின்னவனின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பெட்டியைக் கீழே வைத்தான். கடையில் ஹோஸ் பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இன்னும் உன்னிப்பாக ஹோஸ் பைப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னப்பா கேக்குறீங்க?"

"ரேக்லயும் இல்ல, குடோன்லயும் இல்ல. நீ வர்ற வரைக்கும் ஒரு வாஷர் குறைஞ்சது கிடையாது. நான் என்னன்னு நினைக்கிறது? நீயே சொல்லு."

"நான் எடுக்கல."

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன."

சின்னவனுக்குக் காது மடல் சிவந்தது. கவுண்டர் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. இந்தக் கணக்கு தப்பாக் காட்டுறதுக்கு வாய்ப்பு இருக்கா?"

கேள்வி சின்னதுதான். "இருக்கலாம், பார்க்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வாரத்துக் கதையே வேறு. ஆனால் மாமனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹோஸ் பைப்காரரும் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கடையில் அவளுக்கென்று இருந்தது அந்த மூன்று பொத்தான்தான். அது தப்பு என்று சொன்னால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? திரும்பவும் டீ வாங்கி வரச் சொல்லுகிற ஆளாக ஆகிவிடுவோமோ? இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது.

"இல்ல, தம்பி" என்றாள். "நான் நல்லாப் பார்த்துட்டேன். கணக்கு சரியாத்தான் இருக்கு."

சின்னவன் சட்டைப் பையிலிருந்து குடோன் சாவியை எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். தூக்கிக்கொண்டு வந்த பெட்டி நடுவழியிலேயே கிடந்தது.

இனிமேல் இந்தத் திரையைப் பார்க்கவே வேண்டாம் என்று மருமகள் புரோகிராமை மூடினாள். கண்ணாடி அறையில் மாமனாரும் எழுந்தார். "எனக்கு உக்கார முடியல. வீட்டுக்குப் போறேன், நீ பார்த்துக்கோ" என்றார். மவுசைப் பிடித்து, குறி பார்த்து, தன் புரோகிராமையும் மூடினார். வேலை நேரத்தில் அவர் அதை மூடியது அதுதான் முதல் தடவை. கிளம்பிப் போகும்போது அவர் நடை தளர்ந்திருந்தது.

மத்தியானம் அந்தப் பிளம்பர் மறுபடி வந்தார்.

"ஒரு சீல் பத்தலம்மா. இன்னும் ஒண்ணு குடுங்க."

அவள் சீலை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகப் புரோகிராமைத் திறந்தாள். சீல் என்று அடித்தாள்.

நாற்பது என்று வந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். நாற்பதேதான். காலையில் இதே ஆளுக்கு மூன்று கொடுத்து, இதே கையால் கழித்து, முப்பத்தேழு என்று பார்த்து, மனசு கூசி, அதையே வாய்விட்டுப் படித்தும் இருக்கிறாள். அந்த மூன்று எங்கே திரும்பி வந்தது?

"என்னம்மா, இல்லையா?" என்றார் பிளம்பர்.

"இருக்குண்ணே, நீங்க போங்க" என்று அவரைக் கிட்டத்தட்டத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

நூற்றுக்கணக்கான சாமான் இருக்கிற கடையில், எதற்கு நேற்று என்ன எண் இருந்தது என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? இந்த ஒரு எண் ராத்திரியெல்லாம் தூங்கவிடாமல் படுத்தியதால்தான் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இடையில் என்ன நடந்தது? அவள் மூடினாள். பிறகு மாமனார் மூடினார்.

மாமனார் மூடினார்!

ஓடிப்போய்க் கண்ணாடி அறையில் அவர் கம்ப்யூட்டரில் திறந்தாள். கவுண்டருக்கு வந்து அங்கேயும் ஒரு தடவை மூடித் திறந்தாள். கவுண்டரில் ஒரு வாஷரை விற்றதாகக் கழித்து மூடினாள். உள்ளே போய், எதையும் தொடாமல், மாமனாரின் திரையையும் மூடினாள். திரும்ப வந்து திறந்து பார்த்தபோது வாஷர் குறையவே இல்லை. விற்ற வாஷர் நல்ல பிள்ளையாகக் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. புரோகிராம் திறக்கும்போது கணக்கை ஒரு தடவைதான் படிக்கிறது. அதன் பிறகு பக்கத்தில் என்ன விற்றாலும் அதற்குத் தெரியாது. மாமனாரின் திரை நாள் முழுக்கக் காலைக் கணக்கையே மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராத்திரி கடைசி ஆளாக அவர் மூடும்போது, மூடும்போது சேமி என்று இவள் எழுதிவைத்த வரி கடமை தவறாமல் அந்தக் காலைக் கணக்கை எடுத்து, நாள் முழுக்க நடந்த வியாபாரத்தின் மேல் பூசிவிடும். ஒரு வாரமாகத் தினமும் இதுதான் நடந்திருக்கிறது. தனியாக ஒரே கம்ப்யூட்டரில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தாளே, இரண்டில் ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தாளா?

போன வாரம் சின்னவன் குடோனுக்கு வந்தான். அதே வாரம்தான் மாமனார் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்தார். இரண்டில் ஒன்றைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

கணவனுக்குப் போன் போட்டாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே, "என்ன? சத்தமாச் சொல்லு" என்றான்.

"தப்பு என்னோடதுங்க. தம்பி எடுக்கவே இல்ல."

"எதை எடுக்கல? நீ சாப்ட்டியா?"

"உங்க தம்பிங்க!"

"தம்பி சாப்பிடலையா? சரி, டவர் போகுது. ராத்திரி பேசறேன்."

போன் அறுந்தது. இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

வீட்டில் மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மாமியார் அடுக்களையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். தெருவெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றும் மருமகளுக்கு இப்போது கைகொடுக்கவில்லை.

"மாமா, புரோகிராம் தப்பு. சாமான் எதுவும் திருடு போகல. எல்லாம் வித்ததுதான்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அவள் திக்கித் திணறி விளக்கினாள். காலையில் படித்ததையே மனசில் வைத்திருக்கும், மூடும்போது அதையே எழுதிவிடும் என்று இரண்டு தடவை சொன்ன பிறகு அவருக்குப் புரிந்தது. புரிந்தபோது அவர் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை.

"அப்போ நான் பார்த்ததாலதான் வந்துச்சு."

"ஐயோ, இல்ல மாமா. நான் எழுதினதுதான் தப்பு."

"நீ எழுதின. நான் மூடினேன். ரெண்டு பேரும் சேர்ந்து அவன் தலைல போட்டுட்டோம்."

நல்ல மனுஷன், இதோ கிளம்பிப் போய் மகனிடம் இதையே சொல்லிவிடுவார் என்று மருமகள் மூச்சு விட்டாள். அவசரப்பட்டுவிட்டாள்.

"இதை வேற யார்கிட்ட சொன்ன?" என்றார் தாழ்ந்த குரலில்.

"அவர்கிட்ட போன்ல சொன்னேன், காதுலயே விழல. வேற யார்கிட்டயும் இல்ல."

"சொல்லாத. உங்க அத்தைகிட்டக்கூட வேண்டாம். நாலு பேர் எதிர்ல அவனை நிக்க வச்சுக் கேட்டிருக்கேன். இப்போ போய், நான்தான்டா பொத்தானை அமுக்கித் தொலைச்சேன்னு சொன்னா என் மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கறது? உனக்கும்தான் கெட்ட பேரு. நான் போய் மன்னிச்சிட்டேன்னு சொல்றேன். வந்துடுவான். அதோட முடிஞ்சுது. நீயும் வா, நீ கூப்பிட்டா தட்ட மாட்டான்."

செய்யாததற்கு எதற்கு மாமா மன்னிப்பு என்று கேட்க வாய்வரை வந்தது. வாய்வரைதான் வந்தது. அவர் சட்டையை மாட்டிவிட்டார்.

வாசலில் மாமியார் ஈரக்கையோடு நின்றார். "அவனை விட்டுட்டு நீங்க மட்டும் வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஸ்கூட்டரில் மாமனாருக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது மருமகளுக்கு எதிரில் வந்த வண்டியெல்லாம் மேலே ஏறுவதுபோல் இருந்தது. சொல்லிவிடலாமா, சொல்லாமல் இருந்துவிடலாமா? சொன்னால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால், நாளைக்கு அண்ணி என்று அவன் கூப்பிடும்போது எப்படித் திரும்பிப் பார்ப்பது? எல்லாம் நல்லபடியாக முடியத்தானே போகிறது, அவன் வீட்டுக்கு வந்தால் போதாதா என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். மனசு சமாதானம் ஆகவில்லை.

சின்னவன் எங்கே இருப்பான் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு அவனிடம் மோட்டார் வாங்கிக்கொண்ட அதே நண்பன் இப்போது ஒரு பட்டறை வைத்திருக்கிறான். எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற இடம். சின்னவன் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடந்தது நடந்து போச்சு. நான் எதையும் மனசுல வச்சுக்கல. மன்னிச்சிட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்."

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"அம்மா சாப்ட்டாங்களா?"

"இல்ல."

அவன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். சண்டை போடுவான், கத்துவான் என்றுதான் மருமகள் நினைத்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சரிப்பா" என்றான். "நான்தான் எடுத்தேன்னு வச்சுக்கங்க. இனிமே எடுக்கல. போலாம்."

மருமகளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"எடுக்கல!" என்று கத்தியேவிட்டாள். நண்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மாமா, மன்னிக்கிறதுக்கு அவன் ஒண்ணுமே பண்ணல. தம்பி, தப்பு என் புரோகிராம்ல. வித்த சாமானையெல்லாம் ராத்திரி ராத்திரி திருப்பிக் கணக்குல ஏத்தி வச்சிருக்கு. நான் எழுதின வரிதான். ஒரு வாஷர்கூடத் திருடு போகல."

"உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்றார் மாமனார். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகமாக இருந்தது.

"தெரியும் மாமா. ஆனா அவன் சரின்னுட்டானே மாமா. செய்யாததுக்குச் சரின்னுட்டானே." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இது எப்ப தெரியும் அண்ணி உங்களுக்கு?"

"மத்தியானம்தான். சத்தியமா."

"காலைல?"

இங்கே ஒரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். காலையில் ஒரு தடவை தப்பித்ததன் லட்சணம்தான் கண்ணெதிரே நிற்கிறதே.

"காலைல தெரியாது. சந்தேகம் வந்துச்சு. செம்புக் கம்பி குறையலன்னதும் ஏதோ இடிச்சுது."

"இடிச்சும், வாய்ப்பே இல்லன்னு சொன்னீங்க."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"அப்பா மெஷினை நம்பினாரு. பரவால்ல, அவருக்கு என்னை நம்பிப் பழக்கம் இல்ல" என்றான் சின்னவன். குரல் உயரவே இல்லை. "புரோகிராம் தப்புப் பண்ணும், சரி பண்ணிக்கலாம். ஆனா நான் அதுகிட்ட கேக்கல அண்ணி. உங்ககிட்ட கேட்டேன்."

சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்து, மகன் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல முடியாமல் நின்றார். மன்னிப்புக் கொடுக்க வந்த மனுஷனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. இத்தனை வயதுக்கு அவருக்கு அதற்கு அவசியம் வந்ததே இல்லை.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்துதான். அடித்துக்கொண்டே இருந்த போனை மருமகளிடம் நீட்டினார்.

"அவன்கிட்ட சொல்ல வேண்டாம்னேன், சொல்லிட்டல்ல. இதையும் நீயே சொல்லு."

அவள் வாங்கிக் காதில் வைத்தாள். மாமியார் ஹலோகூடச் சொல்லவில்லை.

"அவன் எடுக்கலதானே?"

"எடுக்கல அத்தை. தப்பு என் மேல."

மறுமுனையில் மாமியார் பெருமூச்சு விட்டது கேட்டது.

"எனக்குத் தெரியும்மா. பெத்தவ சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டாங்க. நீ ஒருத்தி சொன்னாப் போதும்னு காலைலேர்ந்து காத்துட்டிருந்தேன். சரி, இப்பவாவது சொன்னியே. அவன் வரான்தானே?"

மருமகள் சின்னவனைப் பார்த்தாள். அவன் குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். அவள் பேசுவது அத்தனையும் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது.

"என்னம்மா, பேச்சையே காணோம்? வரானா இல்லையா?"

அவன் தலை நிமிரவில்லை.